கடவோம், போகிறோம்



நன்னூலார் எதிர்காலத்துக்கு வகுத்த ப், வ் போன்ற இடைநிலை ஆங்கில வினையின் உடலில் இல்லை. அங்குத் துணைவினைகளே அக்காலத்தைச் சுமக்கின்றன. ‘வில்’ என்பதன் பழம்பொருள் விரும்புதல். ‘ஷல்’ என்பதன் பழம்பொருள் கடன்பட்டிருத்தல். 1653-இல் ஜான் வாலிஸ் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம், தன்மையிடத்தில் ‘ஷல்’ வருவதுரைக்கும், ‘வில்’ வாக்களிக்கும், மற்ற இடங்களில் இது தலைகீழாகும் என்று விதித்தது. பேசுவோர் அவ்விதிக்குப் பெரிதும் கட்டுப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகள்தாம் மனப்பாடம் செய்து அல்லலுற்றனர்.

கடனிலிருந்து எதிர்காலம் பிறப்பது தமிழுக்குப் புதிதன்று. புதுக்கோட்டை வட்டாரக் கோயிற்சுவர்களில் ஊராரும் நாட்டாரும் வெட்டுவித்த ஆவணங்களைப் படிப்போர் ‘இறுக்கக் கடவோமாக’, ‘செய்யக் கடவார்களாக’ என்னும் வாய்பாடுகளை அறிவர். கடவோம் என்பதும் கடன், கடமை என்பனவும் ஒரே வேரின. அது நாளை நடக்கவிருப்பதைப் பற்றிய செய்தி அன்று. இன்றே ஏற்றுக்கொண்ட பிணைப்பு. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலம் 1929-இல் அச்சேறியது, பின்னர் கே. ஆர். சீனிவாச ஐயர் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இத்தகைய தொடருக்கு ‘வில்’ இட்டால் ஆவணம் வெறும் முன்னறிவிப்பாகச் சுருங்கிவிடும். ‘ஷல்’ ஒன்றே அதற்கு ஈடு.

‘கோயிங் டு’ என்பதற்கோ தமிழில் உடன்பிறப்பே உண்டு. ‘மழை பெய்யும்’ என்பது நம்பிக்கையாகலாம், பஞ்சாங்கமாகலாம், ஐப்பசியின் வழக்கமாகவும் இருக்கலாம். ‘மழை பெய்யப்போகிறது’ என்பவரோ மேகத்தைப் பார்த்துவிட்டார். கண்மாயை நம்பிய இம்மாவட்டத்து உழவருக்கு இவ்விரண்டுக்கும் இடையே ஒரு போகமே இருக்கிறது. ஆங்கிலத்திலும் சான்று கண்முன் நிற்கும்போது ‘கோயிங் டு’வே இயல்பாக வரும்.

மொழிபெயர்க்கும் கவிஞர்கள் இடறும் இடம் வேறு. கதவு தட்டப்படுகிறது, உள்ளிருப்பவர் அக்கணமே முடிவு செய்கிறார். ஆங்கிலேயர் ‘வில்’ என்பார். தமிழர் ‘நான் திறக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்லி எழுந்துவிடுவார். அவ்விடத்தில் ‘திறப்பேன்’ என்று எழுதினால் பாத்திரம் சபதம் செய்வதாகிவிடும். மொழிபெயர்ப்பு நாடகங்களில் இச்சபதங்கள் ஏராளம்.

அஃறிணையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘வெள்ளாறு கிழக்கே ஓடும்’ என்றால் நாளைய செய்தி அன்று, ஆற்றின் இயல்பு. நீர் இருக்கும் மாதங்களில் என்று சேர்த்துக்கொள்ளவேண்டும். வறண்ட ஆற்றைப் பார்த்து ஒருவன் ‘இது ஓடும்’ என்று ஆங்கிலக் கவிதையில் சொன்னால், தமிழில் ‘உம்’ மட்டும் போதாது. ‘ஒருநாள்’ என்றோ ‘இனி’ என்றோ ஒரு சொல் கூட வேண்டும்.