கோப்பை பிள்ளைக்கு, பொறுமை நமக்கு



முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்குப் பதிவு செய்ய எங்கேயும் அலைய வேண்டாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில், கைப்பேசியிலேயே செய்துவிடலாம். பள்ளிப் பிரிவுக்கு வயது 12 முதல் 19 வரை. 2024-இல் மாநில அளவில் தனிநபர் போட்டிகளின் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய்.

பதிவு பண்றது சின்ன வேலை. கஷ்டமான வேலை அதுக்கப்புறம்தான்: கோட்டுக்கு வெளியே அமைதியா நிற்பது. கபடி நடக்கும்போது "புடி, விடாதே"ன்னு பயிற்சியாளருக்கு மேல நாம கத்தினா, பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

2023-இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பை சதுரங்கத்தில் நம்ம பிரக்ஞானந்தா இறுதிச்சுற்று வரை போனார். கோப்பை கார்ல்சனுக்குப் போச்சு. போட்டி நடக்கும் ஊர்களுக்குக் கூடவே போய், சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தவர் அம்மா நாகலட்சுமி. ஆட்டம் பிள்ளையோடது, சோறு அம்மாவோடது. அவ்வளவுதான்.

கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் தோற்று, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் பிள்ளைகிட்ட "எப்படி விட்டே?"ன்னு கேட்காதீங்க. "பசிக்குதா?"ன்னு கேளுங்க. மறுநாள் காலையில் அதுவே ஷூவைத் தேடி எடுத்துக்கிட்டு மைதானத்துக்குக் கிளம்பினால், நம்ம பங்கை நாம சரியா செஞ்சுட்டோம்.