இளையோர் கையில் துடுப்பு



இரண்டாம் உலகப் போரில் தாக்குண்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பிப் படகேறியவர்களுள், வலிமை மிக்க இளம் மாலுமிகளே முதிர்ந்தோரைக் காட்டிலும் மிகுதியாக மாண்டனர் என்று கருதினார் புளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட். அவர் கல்வியாளர் குர்ட் ஹானுடன் இணைந்து 1941இல் வேல்சு நாட்டின் அபர்டவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தோற்றுவித்தார். அந்நிறுவனக் கப்பல்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்து சென்றவையே. இளைஞரிடம் குறைந்திருந்தது உடல்வலிமையன்று. இடர்களைத் தாங்கிய பட்டறிவு.

1967இல் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலும் இத்தகைய பள்ளி எழுந்தது. முன்பின் அறியாதோர் அங்கே ஒரு குழுவாகிப் படகு செலுத்துவர், கூடாரம் அமைப்பர். பயிற்றுநர் உடனிருப்பார்; ஆயினும் துடுப்பு இளையோர் கையில்.

ஆலயங்களிலோ? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அண்டா தூக்கவும் நாற்காலி அடுக்கவும் இளைஞர் வேண்டும். அரிசி எத்தனை மூட்டை என்று முடிவுசெய்யவும் செலவுச் சீட்டில் ஒப்பமிடவும் பெரியோரே வேண்டும்! பெரியோர் பொறுத்தருள்க. பிறகு, இளைஞர் கோவிலுக்கு வருவதில்லை என்று கூட்டந்தோறும் வருத்தம் தெரிவிக்கப்படுகின்றது.

அடுத்த திருவிழாவின் ஒரு நாள் அன்னதானத்தையேனும், கணக்கேட்டோடு இளையோரிடம் ஒப்படைக்கலாம். சோறு குழையலாம், கணக்கில் 10 வெள்ளி இடிக்கலாம். பொருளாளர் அருகில் இருக்கட்டும். பேனாவை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டா.