கல்லா? காகிதமா?

நடுவர் அவர்களே! "கல்தான் வரலாற்றைக் காக்கும், காகிதத்தைக் கரையான் தின்னும்"னு எதிரணித் தலைவர் பேசிட்டுப் போனார். நான் அரியலூர்க்காரன்யா! எங்க ஊர்க் கல்லுக்கு என்ன கதி ஆச்சுன்னு கேளுங்க.

கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் வேணும். எங்கே போனாங்க? மலைக்கா? கோயிலுக்கு! கருங்கல் மதிலை உடைச்சாங்க. தடுத்த ஏழை ஜனங்களைத் தண்டிச்சாங்க. "செங்கல் மதில் கட்டித் தர்றோம்"னு வாக்கு வேற!

அணைத் தண்ணியில விளைஞ்ச சோறு நானும் தின்னவன்தான், மறுக்கலை. ஆனா அந்தக் கல் தன்னையே காப்பாத்திக்கலையே! இந்த அநியாயத்தை நமக்குச் சொன்னது யாரு? 1855ல் அச்சான காகிதம்! (கைதட்டல்)

1848ல் ஜேம்ஸ் பெர்குசன் என்ற அவுரி வியாபாரி, நம்ம நாட்டுப் பழங்கட்டடங்களை வரைந்து லண்டனில் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரையணும். தண்ணி தடவி மை உருட்டினா, கோட்டில் மட்டும் ஒட்டும். ஒரே கல்லில் நூற்றுக்கணக்கான படம்! எங்க ஊர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் மூட்டையாத்தானே போகுது! (சிரிப்பு)

கோயில் ஒண்ணுதான், இடிச்சா போச்சு. படம் நூறு, தொண்ணூத்தொன்பது எரிஞ்சாலும் மிச்சம் ஒண்ணு சாட்சி சொல்லும்.

தாத்தா கட்டின திண்ணையை இடிச்சாச்சு. திண்ணையில தாத்தா உட்கார்ந்த படம்? சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு!

கல் நின்றால் கும்பிடுவோம். நிற்காவிட்டால் காகிதம் பேசும்.