குடிலின் முன் சற்று நேரம்



1223-ஆம் ஆண்டு. இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலையூர். தேவபாலன் பட்ட குறைகளை ஊனக் கண்ணால் காண ஆசைப்பட்ட அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், கிறிஸ்து பிறப்பு இரவுக்குத் தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள எருதும் கழுதையும் கொண்டுவரச் செய்தார். சுரூபங்கள் இல்லை. தொட்டியின் மீதே திருப்பலி நடந்தது. தியாக்கோனான அவர் மறையுரையில் ‘பெத்லகேம்’ என்னும்போது ஆடு கத்துவதுபோல் குரலை இழுத்தாராம். நாற்பதைக் கடந்தவர்!

நாமோ, நட்சத்திர விளக்கு எரிகிறதா என்றுதான் பார்க்கிறோம். படைத்தவர் வைக்கோலில் கிடப்பது நமக்குப் பழகிப்போன செய்தி. நடுச்சாமப் பூசை முடிந்தும் குடிலைவிட்டு நகராத நம் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுக்கிறோம். இவ்வாண்டு இழுக்க வேண்டாம். அவர்களருகில் நாமும் முழந்தாளிடுவோம்.