கீழிருந்து ஏறும் குளிர்



"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது நம் முன்னோர் மொழி. முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான், அதன் முற்பாதியைப் பலமுறை வகுப்பிலே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பிற்பாதியை மட்டும், 1988-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கல்வராயன் மலையில் கழித்த ஓர் இரவுக்குப் பின், யாரிடமும் சொன்னதில்லை. அது ஏன் என்பதையும், கூடாரத்திலோ ஊர்தியிலோ உறங்கப் போகிறவர் தம் படுக்கையை எவ்வாறு தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து வளைந்து வளைந்து மேலேறினால் வெள்ளிமலையை அடையலாம். நான் சொல்லும் காலத்தில் அவ்வூர்கள் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தன. 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆயிற்று. மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிப்பவர்கள். கடுக்காயும் தேனும் சேகரிப்பவர்கள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருபத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு மூன்று நாள் முகாமுக்குச் சென்றேன். புறப்படுமுன், கொண்டு வரவேண்டிய பொருள்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். படுக்கை என்ற தலைப்பின் கீழ் இரண்டே சொற்கள்: பாய் ஒன்று, போர்வை ஒன்று. "சுமை குறைவாக இருக்கட்டும், களைத்துப் படுத்தால் கல்லிலும் உறக்கம் வரும்" என்று வாயாலும் சொன்னேன். ஆனால் எனக்கென்று கட்டிய மூட்டையில் பவானி ஜமுக்காளம் ஒன்றும், தடித்த கம்பளி ஒன்றும், இலவம் பஞ்சுத் தலையணை ஒன்றும் இருந்தன. பிறர்க்கு எழுதிய பட்டியல் எனக்குப் பொருந்தவில்லை போலும்!

ஓடையை ஒட்டிய ஒரு பள்ளத்தில், பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று கூடாரங்களை அடித்தோம். உண்டோம், பாடினோம், படுத்தோம். நடுநிசிக்குப் பிறகு எனக்கு விழிப்புத் தட்டியது. விளக்கை எடுத்துக்கொண்டு மாணவர் கூடாரத்துக்குள் நுழைந்தேன். ஒரு சிறுவன் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, உறங்கவில்லையா?"

"தூக்கம் வரலை, சார்."

"குளிர்கிறதா?"

"இல்லை சார், எனக்குப் பழக்கந்தான்."

அவன் கையைத் தொட்டேன். மண்பானை நீர்போல் சில்லிட்டிருந்தது. அவன் படுக்கையைப் பார்த்தேன். அது பாயன்று, போர்வையும் அன்று. அவன் தாயின் பழம் புடைவை ஒன்று. பாதியைக் கீழே விரித்து, மறு பாதியை மேலே போர்த்திக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலிருந்தது ஒரே பாய் என்பதும், அது நோயுற்ற பாட்டிக்கு வேண்டியிருந்தது என்பதும் எனக்குப் பின்னரே தெரிந்தன. என் கம்பளியை எடுத்து வந்து அவனைப் படுக்கவைத்துப் போர்த்தினேன். அரைமணி நேரம் ஆயிற்று. நடுக்கம் தணியவில்லை.

அருகே அறுவடைக் களத்தில் சாமைப் போருக்குக் காவலிருந்த முதியவர் ஒருவர் விளக்கொளி கண்டு வந்தார். சிறுவனைக் கண்டார், தரையைக் கையால் தடவிப் பார்த்தார். "வாத்தியாரே, மேலே மூடி என்ன பண்றது? குளிரு கீழேருந்துல்ல ஏறுது!" என்றார். பிறகு களத்துக்குச் சென்று சாமைத் தாளைக் கைகொள்ளும் மட்டும் அள்ளி வந்து, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் என் ஜமுக்காளத்தை விரித்துச் சிறுவனைப் படுக்கவைத்து, அதே கம்பளியைப் போர்த்தினார். கால்மணி நேரத்தில் அவன் நடுக்கம் அடங்கி உறங்கிப்போனான். இருவரும் சேர்ந்து மற்ற மாணவர்க்கும் தாள் பரப்பி முடித்தபோது, முதியவர் என்னை நோக்கி, "பிள்ளைங்க எதுமேல படுக்குதுன்னு பாத்துட்டுப் படுக்கக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை, வருந்தியே கேட்டார். அவ்வினாவுக்கு அன்றும் என்னிடம் விடையில்லை, இன்றும் இல்லை.

நண்பர்களே! ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், வெப்பம் பரவும் முறை மூன்று எனப் படம் வரைந்து பாராட்டுப் பெற்றவன் நான். கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று உறக்கத்திலும் ஒப்பிப்பேன். ஆனால் மனித உடம்பும் ஈரத்தரையும் ஒன்றையொன்று தொடும்போது கடத்தல் நிகழும் என்பது அன்றிரவு என் நினைவில் எழவில்லை. ஏட்டில் இருந்த அறிவு பாய்க்கு வந்து சேரவில்லை.

போர்வை வெப்பத்தைத் தருவதில்லை. நம் உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் காக்கிறது. எவ்வாறு காக்கிறது? தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் சிறைப்பிடித்து வைப்பதனால். அசையாக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் அதே போர்வையை உடலுக்குக் கீழே விரித்தால் என்ன ஆகும்? உடலின் எடை அதை நசுக்கும்; காற்று வெளியேறும்; இழை மட்டும் எஞ்சும். ஆதலின் மேலே போர்த்துவதற்குரிய பொருள் வேறு. கீழே விரிப்பதற்குரிய பொருள் வேறு. நசுங்காமல் காற்றைத் தாங்கும் பொருளே கீழே வேண்டும். உள்ளீடற்ற சாமைத் தாள் அப்படிப்பட்டது. நெல் வைக்கோலும் அத்தகையதே.

நம் பழைய நூல்கள் பஞ்ச சயனம் என்று ஐவகை மெத்தையைக் குறிப்பிடுகின்றன. அவ்வைந்தனுள் இலவம் பஞ்சும் அன்னத்தின் தூவியும் சேர்த்து எண்ணப்படுவதுண்டு. இவை மென்மை கருதி மட்டும் ஏற்றம் பெற்றன அல்ல. இலவம் பஞ்சின் இழை நுண்ணிய குழல் போன்றது. அதனுள் பெரும்பகுதி காற்றே. இழையின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் எளிதில் ஒட்டாது. அதனாலேயே முன்னாளில் உயிர்காப்பு மிதவைகளிலும் அதை அடைத்தார்கள். தூவியோ, இன்றும் பனிமலை ஏறுவோரின் உறங்கு பைகளில் வாத்துத் தூவியாகவும் தாராத் தூவியாகவும் விளங்குகிறது.

இனி, படுக்கையைத் தேர்ந்துகொள்ளும் முறைக்கு வருவோம். முதலில் ஈரத்தைத் தடுக்க வேண்டும். தரைமேல் தார்ப்பாயோ பாலித்தீன் விரிப்போ இருத்தல் நன்று. அதன் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே நீண்டிருக்கலாகாது. நீண்டிருப்பின் மழைநீரை உள்ளே அழைத்துவரும்.

அடுத்தது, கீழ் விரிப்பு. நம் கோரைப்பாய் சமவெளியின் கோடைக்கு ஈடிணையற்றது. காற்று ஊடுருவும், வியர்வை உலரும். வந்தவாசிக் கோரைப்பாயையும் பத்தமடையின் நுண்ணிய பாயையும் அறியாதார் யார்? ஆனால் மலைக்குளிருக்குப் பாய் மட்டும் போதாது, அது மெல்லியது. பருத்தி ஜமுக்காளம் உறுதியானது; எனினும் நனைந்தால் விரைவில் உலராது. இக்காலத்தில் மூடிய கண்ணறைகள் கொண்ட நுரை விரிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை நீரை உறிஞ்சா, எடை குறைந்தவை, சுருட்டிக் கட்டலாம், முள் குத்தினாலும் பயன் கெடா. காற்றடைத்த மெத்தை மெத்தென்றிருக்கும். ஆனால் உள்ளே வெறுங்காற்று மட்டும் இருப்பின், அக்காற்று மேலும் கீழுமாய்ச் சுழன்று உடலின் வெப்பத்தைத் தரைக்குக் கொண்டுசெல்லும். காற்று அசையாதிருந்தால் காவல், அசைந்தால் களவு. எனவே உள்ளே நுரையோ பஞ்சோ அடைத்த காற்று மெத்தையே குளிருக்கு ஏற்றது.

இவ்விரிப்புகளின் வெப்பத் தடையை 'ஆர் எண்' என்று குறிப்பார்கள். முன்பு நிறுவனத்துக்கு நிறுவனம் அளவை வேறுபட்டது. 2018-இல் இதற்கென ஒரு பொதுத் தரமுறை அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எண் பெரிதாயின் தடை பெரிது. இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டால் இரண்டின் எண்களும் கூடும். ஆகவே விலையுயர்ந்த ஒன்றை வாங்க இயலாதவர் எளிய இரண்டைச் சேர்த்துப் பயன் பெறலாம். நம் கல்வராயன் குளிருக்கு இரண்டு அல்லது மூன்று என்ற எண் போதுமானது.

மூன்றாவது, உடலின் அமைப்பு. மல்லாந்து உறங்குவோர்க்கு மெல்லிய விரிப்பும் போதும். ஒருக்களித்து உறங்குவோர்க்கு இடுப்பும் தோளும் தரையில் அழுந்தும். அவர்க்குத் தடிப்பு வேண்டும். கடையில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். விரித்து, நீங்கள் வழக்கமாக உறங்கும் நிலையில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். இடுப்பெலும்பு தரையை உணர்ந்தால் அது உமக்கு உரியதன்று.

நான்காவது, மேற்போர்வை. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாய்த் தோன்றாது. உறங்கு பை என்பது புதுமையன்று. 1876-இலேயே வேல்ஸ் நாட்டு வணிகர் பிரைஸ் ஜோன்ஸ், மடித்துப் பூட்டிக்கொள்ளும் கம்பளிப் படுக்கைக்கு உரிமம் பெற்றார். எதுவாயினும் அதனை உலர்த்தி வைத்தல் தலையாய கடமை. ஓரிரவில் நம் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ ஒரு குவளை நீர் ஆவியாய் வெளிப்படுகிறது. 1911-ஆம் ஆண்டு தென்துருவக் கண்டத்தின் குளிர்கால இருளில் பெங்குவின் முட்டை தேடிச் சென்ற வில்சன், பவர்ஸ், செர்ரி காரார்ட் என்னும் மூவரின் கலைமான் தோற்பைகளிலே இந்த ஆவி உறைந்து, பைகள் பலகைபோல் இறுகின. அவற்றுள் புகுவதே பெரும்பாடாயிற்று. நம் மலையில் பனி உறையாது. ஆயினும் ஈரம் ஈரமே. காலையில் எழுந்தவுடன் படுக்கையை வெயிலில் விரியுங்கள். கேரவன் எனப்படும் ஊர்தியில் உறங்குவோர், மெத்தையை உலோகத் தளத்தின்மேல் நேரே இடாமல், சட்டப் பலகைகள் மீது காற்றுப் புகும்படி இடுதல் வேண்டும். இன்றேல் அடியில் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இடத்தையும் படுக்கையின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குறையும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரைப் பள்ளத்தைத் தேர்ந்த என் அறியாமையை நீங்கள் பின்பற்ற வேண்டா. சற்று மேடான, சமனான இடமே நல்லது. வைக்கோலோ சருகோ பரப்பினால் நன்றாக உதறிப் பரப்புங்கள், தேள் இருக்கலாம். குளிருக்கு அஞ்சி, மூடிய கூடாரத்துக்குள் கரியடுப்பை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

அந்த முகாமுக்குப் பிறகு நான் பணியாற்றிய பள்ளிகளில் பட்டியல் எழுதும் முறையை மாற்றினேன். ஒவ்வொருவரும் தம் படுக்கையைத் தாமே கொண்டுவருக என்று எழுதுவதை விட்டேன். வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து பொதுவில் சேர்த்துவிடுக. பிறகு எல்லார்க்கும் பங்கிடுவோம் என்றேன். கீழ் விரிப்பு எல்லார்க்கும் அமைந்த பிறகே ஆசிரியர் படுக்கை விரிக்கப்படும் என்பதும் விதியாயிற்று. 'எனக்குப் பழக்கந்தான்' என்று எந்த மாணவனும் சொல்ல வேண்டிய தேவை அதன்பின் எழவில்லை.

உங்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கும், சாரணர் பாசறைக்கும், தேசிய மாணவர் படை முகாமுக்கும் செல்வீர்கள். படுக்கை தேரும்போது முதலில் கீழே பாருங்கள்; பின்பு மேலே பாருங்கள். படுக்குமுன் ஒருமுறை பக்கத்திலும் பாருங்கள். பக்கத்தில் இருப்பவன் எதன்மேல் படுத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விளக்கை அணையுங்கள்.