சிலிகா தூசியும் மக்கள் கூட்டணியும்



விருத்தாசலத்தில் இன்று செராமிக் பட்டயம் பெறும் பிள்ளைகளே, உங்களுக்குக் குவார்ட்ஸ் என்ற சிலிகாப் பொடியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பொடி உலர்ந்து பறந்து தொழிலாளியின் மூச்சில் போவதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அந்தத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் நுரையீரலைத் தழும்பாக்கும். குணப்படுத்த மருந்தில்லை, தடுக்க வழியுண்டு. மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதைச் சேர்த்தது. ஆனாலும் இருமலோடு வந்தவரைக் காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்புவது நாடெங்கும் நடந்தது. நோயின் பெயர் மாறிப்போனால் இழப்பீடு கிடைக்காது. பட்டறையும் பழையபடியே இருக்கும்.

ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கங்களில் இந்த அநியாயத்தை எதிர்த்துத் தொழிலாளர் அமைப்புகளும் கணவரை இழந்த பெண்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து போராடினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனார்கள். 2019-இல் அம்மாநில அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது: நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். பணத்தைவிட, நோய்க்கு அரசே சான்று தருவதைத்தான் நான் பெரிய வெற்றியாக நினைக்கிறேன்.

இப்படிப் பலர் கைகோத்தது ராஜஸ்தானில் மட்டுமல்ல. 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று 1978-இல் அல்மா-அட்டா நகரில் உலக அரசுகள் உறுதி கூறின. அந்த வாக்கை நினைவூட்டத்தான் 2000 நவம்பர் இறுதியில் பல மாநில மக்கள் கொல்கத்தாவில் கூடினார்கள். அங்கே உருவான மக்கள் நலவாழ்வு இயக்கம் தமிழ்நாட்டிலும் இயங்குகிறது.

இப்படிப்பட்ட கூட்டணிகளுக்கு நீங்கள் தேவை. மருத்துவருக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியும். தூசி கிளம்புவது மூட்டையை மில்லில் கொட்டும்போதா, காய்ந்த பாண்டத்தின் விளிம்பைத் தேய்க்கும்போதா, தரையைப் பெருக்கும்போதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஈரத்தில் அரைக்கவும், தூசியை உறிஞ்சி வெளியேற்றவும், பெருக்காமல் கழுவிவிடவும் சொல்லித்தரக் கூடியவர்கள் நீங்கள். செலவாகுமே என்பார் சிறு பட்டறை முதலாளி. அவரும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும், அங்குள்ளவர்களுக்குக் கடைசியாக எப்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று கேளுங்கள். எடுக்கவே இல்லை என்றால், அந்தப் பதிலோடு தொழிற்சங்கத்தையும் அரசு மருத்துவமனையையும் அணுகுங்கள்.