ஊறிய மொச்சையும் உடன்வந்த அறிவும்

(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் பேசப்பெறும் இம்மேடையில், ஒரு சட்டி மொச்சைக் குழம்பைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். விழாவுக்கு ஏற்ற பொருள்தானா இது என்று ஐயுறுவோர் இருப்பின், அவர்கள் புறநானூற்றின் 335ஆம் பாடலைப் புரட்டிப் பார்ப்பாராக. வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கையும் தம் நிலத்தின் உணவாக மாங்குடி கிழார் அங்கே எண்ணிக் கூறுகின்றார். அந்த அவரையின் இனத்தைச் சேர்ந்ததே நம் மொச்சை. ஆகவே, நாம் பேசப்போவதும் சங்கத்துக்குப் புறம்பானதன்று.

அலுவலின் பொருட்டு நம் முன்னோர் இத்தலைநகருக்கு வந்த நாளில், ஊர்க் காய்கறிகள் அவர்களைத் தொடர்ந்து வர இயலவில்லை. முருங்கைக்காய் வழியிலேயே வாடிற்று; வாழைப்பூ கறுத்தது. வாடாமலும் கறுக்காமலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, பெட்டியின் அடியில் பத்திரமாக வந்து சேர்ந்தவை உலர்ந்த பயறுகளே. மொச்சையும் காராமணியும் கொள்ளும் அந்நாளில் நம் இல்லங்களுக்கு ஊரின் மணத்தைக் கொணர்ந்தன. இன்றோ அந்தத் தட்டுப்பாடு இல்லை. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் உள்ள நம்மவர் கடைகளில் வேண்டிய பயறு கிடைக்கின்றது.

பயறு கிடைக்கின்றது, ஆனால் பக்குவம் கிடைக்கின்றதா? இதுவே நம் கேள்வி.

படிப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ வேற்றூர் சென்ற மகன், தொலைபேசியில் தாயிடம், "மொச்சை வேகவே மாட்டேன் என்கிறதே, அம்மா! எவ்வளவு தண்ணீர் விடுவது?" என்று கேட்கின்றான். "கண்ணளவாய் விடப்பா" என்கின்றாள் தாய். கண்ணளவும் கையளவும் தொலைபேசிக் கம்பியின் வழியே செல்வதில்லை. அன்றியும், ஓர் ஊரில் சரியாக இருந்த அளவு மற்றோர் ஊரில் சரியாக இருப்பதில்லை. நீர் மாறுகின்றது; குளிர் மாறுகின்றது; பயறின் வயதும் மாறுகின்றது. மாறாதது ஒன்றே: ஒவ்வொரு செயலுக்கும் உள்ள காரணம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அளவை அவர்களே கண்டுகொள்வார்கள்.

முதலில் ஊறவைத்தல். மொச்சையின் தடித்த தோலைக் கடந்து நீர் உள்ளே புக 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். தில்லியின் மார்கழிக் குளிரில் இது மேலும் நீளும். அப்பொழுது வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தல் நலம். வைகாசி வெயிலிலோ அதே நேரத்தில் நீர் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். ஆகையால் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது நீர். குழாய்க் கிணற்று நீரில் சுண்ணச்சத்து மிகுதி. அது பயறின் அணுக்களை இணைக்கும் பசையை இறுக்கிவிடுவதால், பயறு மெத்தென்று ஆவதில்லை. வடிகட்டும் பொறியிலிருந்து வரும் நீரில் வேகவைத்தால் இத்தொல்லை குறையும். சிலர் சமையல் சோடாவை அள்ளி இடுகின்றனர். பயறு குழையும் என்பது உண்மையே. ஆயினும், தயமின் எனும் உயிர்ச்சத்து அதனால் அழிகின்றது.

மூன்றாவது புளி. பயறு நன்றாக வெந்த பின்னரே புளிக்கரைசலைச் சேர்த்தல் வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது பழுதற்ற அறிவு. புளிப்பு முந்தினால் பயறு இறுகிவிடும். ஆனால் உப்பு முந்தினாலும் வேகாது என்ற பேச்சு அவ்வாறன்று. ஊறவைக்கும் நீரில் சிறிது உப்பிட்டால் தோல் மென்மையாவதை இன்று அறிந்துள்ளோம். காரணம் கேட்பது முன்னோரை மறுப்பதாகாது. அவர்கள் சொன்னவற்றுள் எதை எங்கும் கொண்டுசெல்லலாம் என்று தெளிவதாகும்.

இனி, செய்முறையைக் கூறுவோம். நால்வர்க்கு 200 கிராம் மொச்சை போதும். வெறும் சட்டியில் மணம் வரும்வரை இலேசாக வறுத்து, இரவில் ஊறவையுங்கள். காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டு, பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்குமாறு புதுநீர் விட்டு வேகவிடுங்கள். ஒரு மொச்சையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் வெண்ணெய்போல் நசுங்கவேண்டும். கடிகாரத்தினும் மேலான சான்று அதுவே. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கத்தரிக்காயும் வதக்கி, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி, குழம்புப்பொடி இட்டுக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசம் போனதும் வெந்த மொச்சையைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை சிறுதீயில் வையுங்கள். சில இல்லங்களில் தேங்காய் அரைத்து விடுவர். சில இல்லங்களில் நெத்திலிக் கருவாடு சேர்ப்பர். அவரவர் வழக்கம் அவரவர்க்கு இனிது.

இவ்வூரார் விரும்பி உண்ணும் ராஜ்மாவையும் நாம் அயலாக எண்ண வேண்டுவதில்லை. 1492க்குப் பின்னர் அமெரிக்க மண்ணிலிருந்து கடல் கடந்து வந்த பயறு அது. அதனுடன் சேரும் தக்காளியும் மிளகாயும் அவ்வாறே வந்தவை. குடிபெயர்ந்து வந்த மூன்றும் கூடி இன்று வடபுலத்தின் சொந்த உணவாக விளங்குகின்றன. நம்மைப் போன்றோர்க்கு இது மனத்தில் கொள்ளத்தக்க செய்தி.

எனினும் ராஜ்மாவில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதில் லெக்டின் வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள் இயல்பாகவே மிகுந்துள்ளது. வேகாத நாலைந்து பயறே குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கவல்லது. ஊறிய நீரைக் கொட்டி, புதுநீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்டால் அந்நஞ்சு அழியும். குக்கரில் நன்கு வேகவைப்பதும் போதுமானது. மெல்லிய சூட்டிலேயே வேகவைக்கும் மின்கலத்தில் மட்டும் ஊறிய பயறை நேரே இடலாகாது. விடுதி அறையில் தனியே சமைக்கும் பிள்ளைக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது சுவையின் பொருட்டு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

பயறின் பெருமையை உலகும் உணர்ந்துள்ளது. 2016ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகப் பயறு ஆண்டாகக் கொண்டாடியது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயறில் நிறைந்துள்ளது. பயறில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் உள்ளது. சோறும் குழம்பும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

அன்பர்களே! மொழியைப் பிள்ளைகள் மறக்கின்றனரே என்று இம்மேடையில் ஆண்டுதோறும் வருந்துகின்றோம். சொல் நிலைப்பது அது புழங்கும் இடத்தில்தான். ஊறவைத்தல், தாளித்தல், வதக்குதல், சுண்டவிடுதல் ஆகிய சொற்களை அடுப்பங்கரையில் கற்ற பிள்ளை எளிதில் மறப்பதில்லை. ஆகவே, வருகின்ற சனிக்கிழமை இரவு, மகளோ மகனோ, ஒரு பிள்ளையை அருகில் அழைத்து, அவர் கையாலேயே மொச்சையை ஊறப்போடச் செய்யுங்கள். "ஏன்?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையோடு விடை கூறுங்கள். ஞாயிறு நண்பகல் அக்குழம்பில் ஒரு கிண்ணம், பிள்ளைகள் அயலூரில் வாழத் தாம் தனித்திருக்கும் நம் குடியிருப்புப் பெரியவர் வீட்டுக்கும் செல்லட்டும்.